தயிர்சாதம் சாப்பிட்ட நாயின் வாயில்

போன மாதம் அடையாறு பக்கம் போனபோது பழைய கிளினிக்கை எட்டிப் பார்த்தேன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இடம். இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, நாய்க்குத் தனி வரிசை, பூனைக்குத் தனி வரிசை என்று அடையாளமே தெரியவில்லை. உள்ளே டாக்டர் நிவேதா இருந்தார். என் மகள் வயது. நான் ஓய்வு பெறப்போகும் சமயத்தில் பயிற்சிக்கு வந்த பெண், இப்போது அவர்தான் அங்கே எல்லாம். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டுவிட்டார்.

"அண்ணே, ஒரு வீட்ல வந்து, நாய் ரொம்பக் கஷ்டப்படுது, ஊசி போட்டு முடிச்சிடுங்கன்றாங்க. அடுத்த வீட்ல, உயிரை எடுக்க நீ யாருன்றாங்க. ரெண்டு பேரும் சாமி பேரைச் சொல்லித்தான் சொல்றாங்க. எல்லார் நம்பிக்கையையும் மதிக்கணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க. சரி, மதிக்கிறேன். அப்ப சரி, தப்புன்றதே வீட்டுக்கு வீடு மாறுமா? நமக்குன்னு ஒண்ணும் கிடையாதா?"

நான் பத்தாவது தாண்டாதவன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று அந்தப் பெண் நினைத்ததே எனக்குச் சிரிப்பாக இருந்தது. டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்து வந்தேன். ஆனால் மந்தைவெளிக்கு பஸ்ஸில் வரும்போது ஒரு நாயின் ஞாபகம் வந்தது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எங்கெங்கோ போய்விடுவேன் என்பது என் மனைவி கற்பகத்தின் புகார். அதனால் எழுதிவிடுகிறேன். நிவேதா டாக்டர் சௌகரியப்படும்போது படிக்கட்டும்.

என் வேலைக்குப் பெயர் கால்நடை உதவியாளர். யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கம்பவுண்டர் என்பார்கள். வேலை கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச காலம் கூண்டு கழுவினேன், பிறகு பிராணிகளைப் பிடிக்கப் பழகினேன். நாயைப் பிடிப்பது எளிது. நாயோடு வருகிற மனிதர்களைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய கம்பவுண்டர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மண்டையில் அடித்துச் சொன்னார். எச்சில் ஒழுகிக்கொண்டு, தாடை தொங்கிப்போய், தண்ணீர் குடிக்காமல் ஒரு நாய் வந்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாயில் கையை விட்டுவிடாதே. வெறிநோயிலும் நாய் அப்படித்தான் இருக்கும். அது மனிதனுக்கு வந்துவிட்டால் அப்புறம் மருந்து கிடையாது. "கையை விடறதுக்கு முன்னாடி உன் பொண்டாட்டி முகத்தை நினைச்சுக்கோ" என்பார். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

கிளினிக் டாக்டர் சபாபதியினுடையது. நடராஜர் பேரை வைத்துக்கொண்டு கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். ஆயுத பூஜைக்கு நான் கத்தரிக்கும் குறட்டுக்கும் சந்தனப் பொட்டு வைத்தால், "வச்சுக்கோ, அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு எடுத்து வை" என்பார். மனிதர்களிடம் அளந்துதான் பேசுவார். மரியாதையெல்லாம் பிராணிகளுக்கு. "வாங்க, உக்காருங்க, காதைக் காட்டுங்க" என்று தெருநாயிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கூட வந்தவரைப் பார்த்து "நீ தள்ளி நில்லு" என்பார். கோபாலபுரத்து பங்களாக்காரர் ஒருவர் இதில் மனம் புண்பட்டு வேறு டாக்டரைத் தேடிப் போய்விட்டார்.

ஒரு பிராணியை ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லி யாராவது கேட்டால் அவரிடம் ஒரு முறை இருந்தது. அதற்குச் சோறு போடுகிற அத்தனை பேரும் வர வேண்டும். கிளினிக்கின் பின்பக்கம் ஒரு வாதாம் மரம், அடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. ஒவ்வொருவரையும் தனியாக அங்கே கூட்டிப்போய் உட்கார வைப்பார். என்ன தின்றது, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, இது போய்விட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்பார். கடைசிக் கேள்விக்குச் சிலர் அழுவார்கள். சிலர் யோசிக்காமல் "நிம்மதியா தூங்குவேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

எல்லாரையும் ஒன்றாக வைத்துக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"நாலு பேர் நடுவுல கேட்டா நாலு பேருக்கு ஏத்த பதில்தான் வரும், ஏகாம்பரம். எனக்கு நாய்க்கு ஏத்த பதில் வேணும்."

அந்தப் பெஞ்சுக்கு நான் பாவமன்னிப்பு பெஞ்சு என்று பெயர் வைத்தேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

அவர் எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பது எனக்குப் பல வருஷம் பிடிபடவில்லை. தி. நகரில் ஒரு வியாபாரிக் குடும்பம், எறும்பைக்கூட மிதிக்காதவர்கள். அவர்களுடைய நாய்க்குப் புற்று. எந்த நிலையிலும் ஊசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் வாதாடவில்லை. ஆனால் என்னைத் தினமும் அனுப்பி வலி மருந்து போடச் சொன்னார். பஸ் ஏறி இறங்கி எனக்கு முட்டி தேய்ந்தது. முணுமுணுத்தேன். "அவங்க நம்பிக்கை அவங்களுது. அதுக்கு நாய் ஏன் கஷ்டப்படணும்?" என்றார். அதோடு சரி.

இன்னொரு நாள் ஊரூர் குப்பத்திலிருந்து தேசப்பன் என்கிற மீனவர் ஒரு கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முன்னங்கால் ஒடிந்திருந்தது. அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஊனமில்லாததைத்தான் வெட்டுவார்களாம்.

"திருவிழாவுக்குள்ள கால் சரியாவணும் சார். இல்லாகாட்டி அம்மாவுக்கு இன்னா பதில் சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், வெட்டப்போற ஆட்டுக்கு எதுக்குய்யா கட்டு?" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும் நைனா? என் புள்ள கடல்ல மாட்டிக்கினு இருந்தப்போ வேண்டிக்கினது. அவன் உசுரோட கீறான்ல?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

டாக்டர் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டுக் காலைச் சேர்த்துக் கட்டினார். அப்புறம் என்னிடம், "அது என்னிக்குச் சாகும்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு அதுக்கு வலிக்குது" என்றார். கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தது. நொண்டி ஆடு அம்மனுக்கு ஆகாது என்று தேசப்பன் அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வேண்டுதலுக்கு வேறு வழி பார்த்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் டாக்டர் கட்டி வேறு எந்தக் காலும் கோணியதில்லை.

இனி அந்த நாய்.

பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி சர்ச்சுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி வீடு. கீழ்ப்பகுதியில் வீட்டுக்காரர் அலமேலு மாமி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, கணவர் கட்டிய வீட்டுக்கு இங்கே வந்தவர். கணவர் காலமான பிறகு தனியாக இருந்தார். மேலே குடியிருந்தது பிலோமினா டீச்சர், அவர் கணவர், ஒரு சின்னப் பெண். தெருநாய் ஒன்று அந்த வீட்டு வாசலைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. மாமி அதற்குக் கண்ணா என்று பெயர் வைத்தார், மேல்வீட்டில் டாமி என்றார்கள். எந்தப் பெயருக்கும் வாலை ஆட்டும். தடுப்பூசிக்கு மட்டும் யார் கையிலும் சிக்காது. நானே இரண்டு தடவை போய்த் தெருவெல்லாம் துரத்திவிட்டுச் சும்மா திரும்பியிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை மாமியும் டீச்சரும் அந்த நாயைச் சாக்கில் சுற்றி, கயிறு போட்டு, ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். வாய் பாதி திறந்து தொங்குகிறது, எச்சில் கயிறாக ஒழுகுகிறது, கண்ணில் ஒரு மிரட்சி. தண்ணீர் வைத்தால் முகத்தைக் கொண்டுபோகிறது, குடிக்க முடியாமல் பின்வாங்குகிறது. போதாததற்கு, கொஞ்ச நாள் முன்னால் பீச்சில் ஏதோ ஒரு நாய் இதைக் கடித்ததாக ஆட்டோக்காரர் சொன்னார். வெறிநோய் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கூண்டில் தள்ளிக் கதவை மூடினோம்.

பிலோமினா டீச்சர் கூண்டை விட்டுத் தள்ளி நின்றார். "டாக்டர், என் பொண்ணு இதைத் தொட்டுத் தொட்டு விளையாடுவா. தெருவுல எத்தனை குழந்தைங்க. இதுவும் துடிக்குது. கடவுள் நம்ம கையில ஒப்படைச்ச ஜீவன், இப்படித் துடிக்க விடக் கூடாது. ஊசி போட்டுடுங்க."

"அப்படிச் சொல்லாதே பிலோமினா" என்று மாமி முன்னால் வந்தார். "உயிரைக் குடுத்தவன் எடுத்துப்பான். எடுக்கறதுக்கு நாம யாரு? அதோட கர்மாவை அது தீத்துண்டு போகட்டும். கூண்டிலேயே இருக்கட்டும் டாக்டர். நான் தினம் வந்து பாத்துக்கறேன். ஊசி மட்டும் போடப்படாது."

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருமே அந்த நாய்க்காக அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் ஒருத்தர் கருணை என்றதை இன்னொருத்தர் கொலை என்றார். நிவேதா டாக்டர் கேட்டாரே, அதே கேள்விதான் அன்றைக்கு எங்கள் மேஜையின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

டாக்டர் கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு தடவை முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. அவர் திரும்பினார்.

"எலும்பு ஏதாவது தின்னுச்சா?"

மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எலும்பா? எங்காத்து காம்பவுண்டுலயா? தயிர்சாதம்தான் டாக்டர். முட்டை ஓடுகூட உள்ள வராது. அப்படிச் சொல்லித்தான் வீட்டையே வாடகைக்கு விட்டேன். கேளுங்கோ இவளை."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல டாக்டர்" என்றார்.

டாக்டர் எழுந்தார். என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். "எலும்பு இல்லேன்னா இது வெறிநோய்தான். காரணம் இல்லாம அந்த வாயில என் கையையும் விட மாட்டேன், உன் கையையும் விட மாட்டேன்" என்றார். பிறகு வழக்கம் போல ஒவ்வொருவராகப் பெஞ்சுக்கு அழைத்தார். மாமி போய் வந்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுத்து டீச்சர். நான் பக்கத்துக் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போகச் சொன்னால் போயிருப்பேன், அவர் சொல்லவில்லை.

டாக்டர் முதல் கேள்வியைக் கேட்டதும் டீச்சர் உடைந்துவிட்டார்.

"எலும்பு சிக்கினா இப்படி ஆகுமா டாக்டர்? அப்படீன்னா... அப்படீன்னா நான்தான் போட்டேன்."

வீடு தேடி அலைந்த கதையைச் சொன்னார். போகிற இடமெல்லாம் முதலில் பெயரைக் கேட்பார்களாம், அடுத்து நான்வெஜ்ஜா என்பார்களாம், அதோடு கதவு மூடிக்கொள்ளுமாம். அலமேலு மாமி ஒருத்தர்தான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். வீட்டில் கறி மீன் சமைக்க மாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் மட்டும் கேட்டார். டீச்சரும் செய்தார். அதை மீறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாந்தோமிலிருந்து அவர் அம்மா ஆட்டுக்கறிக் குழம்பை டிபன் கேரியரில் கொடுத்தனுப்புவார்.

"சமைக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன் டாக்டர். சாப்பிட மாட்டேன்னு சொல்லல."

இப்படி ஒரு சந்து கண்டுபிடித்ததற்கு அவர் வக்கீலாகப் போயிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாப்பிட்ட எலும்பை எங்கே போடுவது என்பதுதான் சிக்கல். மாமி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்து, தானே கிளறிப் பிரிப்பவர். அதனால் பேப்பரில் சுற்றி எடுத்துப்போய், மோட்டார் ரூமுக்குப் பின்னால் டாமிக்கு வைத்துவிடுவார்கள். வாரா வாரம் நடந்தது. முந்தின நாளும் நடந்திருக்கிறது.

"வெறின்னுதான் டாக்டர் நினைச்சேன், சத்தியமா. நீங்க எலும்புன்னு கேட்டதும்தான் பக்குன்னுச்சு. மாமி முன்னாடி எப்படிச் சொல்வேன்? வீட்டைக் காலி பண்ணச் சொன்னா நாங்க எங்க போவோம்?"

"மாமிகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு. எனக்கு இது போதும்" என்று டாக்டர் எழுந்துவிட்டார். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை, அன்றும் திட்டவில்லை.

நேராக என்னிடம் வந்தார். "எலும்பா இருக்கலாம். ஆனா எலும்பு போட்டாங்கங்கறதால வெறி இல்லைன்னு ஆயிடாது. மயக்கம் குடுத்துட்டுப் பாக்கப் போறேன். நீ பிடிக்கணும். பயமா இருந்தா சொல்லு, தப்பில்ல."

பயமாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள்தான். இருந்தாலும் அந்த எச்சிலைப் பார்த்தால் எந்த ஊசியின் மேலும் நம்பிக்கை வராது. மகளுக்கு அடுத்த வாரம் வளைகாப்பு வைத்திருந்தோம். கற்பகத்தின் முகம் நிஜமாகவே கண் முன்னால் வந்தது.

"நீங்க கையை விடப்போறீங்க. நான் பிடிக்க மாட்டேன்னா நல்லாவா இருக்கும் சார்?" என்றேன்.

அதற்கப்புறம் எல்லாம் அவருடைய ஒழுங்குப்படி நடந்தது. கூண்டுக் கம்பி வழியாக, நீளக் கம்பின் முனையில் பொருத்திய ஊசியால் மயக்க மருந்து. நாய் சாய்கிற வரை காத்திருந்தோம். முழங்கை வரை தடித்த கையுறை, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. மேஜை மேல் படுக்க வைத்து, நான் கழுத்தையும் தோளையும் பிடித்தேன். பற்களுக்கு நடுவே இரும்பு வாய்திறப்பானை வைத்துத் திருகினார். டார்ச்சை அடித்துக் குனிந்தார். வெளியே பெண்கள் இருவரும் வாசல் கதவின் இரண்டு பக்கமும் நின்று அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் என் பங்குக்குக் கபாலீஸ்வரரைக் கூப்பிட்டேன்.

"வணக்கம்" என்றார் டாக்டர், நாயின் வாய்க்குள் பார்த்து.

மேல்வாயில் இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஒரு விலா எலும்புத் துண்டு குறுக்கே பாய்ந்து இறுகியிருந்தது. அண்ணம் புண்ணாகிவிட்டது. வாயை மூடவும் முடியாது, விழுங்கவும் முடியாது. குறட்டால் பிடித்து, ஒரு பக்கமாகத் திருப்பி, மெல்ல இழுத்தார். டக்கென்று வந்தது. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா, அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இருபது வயசு குறைந்த மாதிரி இருந்தது.

புண்ணைக் கழுவி, மருந்து போட்டு, நாயைக் கூண்டில் விட்ட பிறகு அவர்களை உள்ளே விட்டோம். நாய் மெல்லக் கண்ணைத் திறந்தது. தள்ளாடி எழுந்து தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைத்துச் சளப் சளப்பென்று குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமி கைகூப்பிவிட்டார். அப்புறம் அவர் கண் தட்டில் இருந்த எலும்பின் மேல் விழுந்தது.

"இது எங்கேந்து வந்துது?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. "பீச்சுல எங்கியாவது பொறுக்கியிருக்கும் மாமி. தெருநாய்தானே" என்று அடித்துவிட்டேன். மாமி தலையை ஆட்டினார், நம்பிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல மாமி" என்றார் டீச்சர். "பீச்சுல இல்ல. நான் போட்டது."

மாமி அவரையே பார்த்தார். "மாதா மேல சத்தியம் பண்ணினியே."

"சமைக்கல மாமி. அம்மா வீட்லேர்ந்து வந்தது. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க விரும்பல. நீங்க என்ன நினைச்சுக் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

மாமி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆட்டோவில் தனியாக ஏறிப் போய்விட்டார். டீச்சர் கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாயை உடனே அனுப்ப முடியாது. எலும்பு இருந்தது என்பதற்காக வெறிநோய் இல்லவே இல்லை என்று சொல்ல டாக்டர் தயாராக இல்லை, பீச்சில் கடித்த நாயின் கதை இருக்கிறதே. அதைக் கூண்டில் வைத்துக் கவனித்தோம். நாங்கள் இருவரும் மறுபடி ஊசி போட்டுக்கொண்டோம். டீச்சர் பள்ளி விட்டதும் தினம் வந்தார். மாமி வரவில்லை. மாடியேறும்போது கீழ்வீட்டுக் கதவு மூடியே இருக்கிறதாம், வாடகைக்கு வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். பேசாமல் நான் சொன்ன பொய்யோடு விட்டிருக்கலாமே டீச்சர் என்று கேட்டேன்.

"சண்டே சண்டே இனிமே அந்தப் பேப்பரைச் சுத்தும்போதெல்லாம் இது முகம் ஞாபகம் வருமே" என்று கூண்டைக் காட்டினார்.

அன்று மாலை டாக்டரிடம் பேச்சை எடுத்தேன். "சார், ஒரு சின்ன எலும்பு. அதைப் பாக்காம ரெண்டு பேரும் கர்மா, கருணைன்னு என்ன பேச்சு பேசினாங்க."

"பேசினதுல தப்பில்ல. பாக்காம பேசினதுதான் தப்பு" என்றார்.

"நான் சொன்ன பொய்?"

"நல்ல மனசோட சொன்ன பொய். ஆனா அந்தம்மா சொன்ன உண்மைக்குத்தான் செலவு ஜாஸ்தி."

விடாமல் கேட்டேன். "எலும்பு இல்லாம நெஜமாவே வெறியா இருந்திருந்தா? யார் சொன்னது சரி?"

"டீச்சர் சொன்னதைத்தான் செஞ்சிருப்பேன். மாமி என்னை ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டாங்க. அவங்க நம்பிக்கை பொய்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா யாருக்கு வலிக்குதோ அவங்க பக்கம் நிக்கணும்ங்கறது எனக்குத் தெரியும். அது வீட்டுக்கு வீடு மாறாது, ஏகாம்பரம். மாறுதுன்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு எங்கியும் வலிக்கலைன்னு அர்த்தம்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "போ, கூண்டைக் கழுவு" என்றார்.

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத் தின்றது, என்னைப் பார்த்துக் குரைத்தது. இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன நாளில், தப்பிக்க வழியில்லாமல் நின்ற அதற்கு ஒரு வழியாகத் தடுப்பூசியும் போட்டேன். டீச்சர் அழைத்துப்போக வந்திருந்தார். அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாமி இறங்கினார். கையில் தூக்கு. டீச்சர் பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினார்.

மாமி யாரையும் பார்க்கவில்லை. கூண்டருகே போய்த் தூக்கைத் திறந்து தயிர்சாதத்தைக் கையால் பிசைந்து வைத்தார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு முழுதும் தின்று முடித்தது.

"நீ டாக்டர்கிட்ட வாயைத் தொறக்காம இருந்திருந்தா" என்றார் மாமி, நாயைப் பார்த்தபடியே. சொன்னது டீச்சருக்கு. "கொல்லப்படாதுன்னு நான் பாட்டுக்குக் கத்திண்டு இருந்திருப்பேன், இதுவும் வாயில எலும்போட கூண்டுக்குள்ளயே பட்டினியில செத்திருக்கும். புண்ணியம் பண்ணினதா நினைச்சுண்டு இருந்திருப்பேன்."

டீச்சர் "மாமி" என்று ஆரம்பித்தார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேற வீடு பாக்கறியாமே. யார் போகச் சொன்னா உன்னை? என் சமையலறைக்கு மேல அதைச் சமைக்காதே. அது மாறாது, என்னால முடியாது. ஆனா உங்கம்மா குடுத்தனுப்பினா..." கறி என்கிற வார்த்தையைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "இனிமே எலும்பு போடாதே. சதையா இருக்கறதாப் பாத்துப் போடு."

டீச்சர் மாமியின் தோளில் முகத்தை வைத்து அழுதார். மாமிக்கு ஆசாரம் எல்லாம் மறந்துபோய், தயிர்சாதக் கையாலேயே அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். புடவை பாழாயிற்று. டாக்டர் சபாபதி கூண்டின் தாழ்ப்பாளைத் திறந்து, "வாங்க, வீட்டுக்குப் போங்க" என்றார், நாயிடம்.